உடைக்காமல் விழுங்கவும்

ஜூன் 4

மாமாவுக்கு,

நீங்க சொல்லாம கிளம்பிப் போய் இன்னையோட ஆறு நாள். உங்க செல்போனை அலமாரியிலேயே வெச்சுட்டுப் போயிட்டீங்க. உங்க அக்கா வீட்டு நம்பருக்கு அடிச்சா பெரியம்மாதான் எடுக்கறாங்க. "நல்லா இருக்கான், சாப்பிட்டான், வெளியே போயிருக்கான்"னு மூணு வார்த்தையில முடிச்சுடறாங்க. அங்கே பத்திரமா இருக்கீங்கங்கற வரைக்கும் நிம்மதி. ஆனா அந்தப் போன் ஹால் நடுவுல இருக்கு. நான் பேச வேண்டியதை அதுல பேச முடியாது. அதான் எழுதறேன்.

ஞாயிற்றுக்கிழமை விஷயம். எங்க மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியும் அவர் வீட்டம்மாவும் முதல் தடவையா நம்ம வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாங்க. பேச்சு நடுவுல நீங்க சோபாவை விட்டு எழுந்து அவசரமா உள்ளே போனீங்க. குஷன்ல ஈரம் இருந்துது. நான் அதைத் திருப்பிப் போட்டேன். யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னுதான் மாமா போட்டேன். வேற நினைப்பு எனக்கு இல்லை.

மறுநாள் உங்க கட்டில் மேல அந்தப் பாக்கெட்டை வெச்சதும் நான்தான். பெரியவங்க போட்டுக்கற டயாபர். நேருக்கு நேரா சொல்ல எனக்கு வாய் வரலை. வாய் வராதவ கையையாவது கட்டிக்கிட்டு இருந்திருக்கணும். வெச்சுட்டு வேலைக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தா பாக்கெட் இருக்கு, நீங்க இல்லை.

உங்க பிள்ளை கப்பல்லேர்ந்து பேசினார். "அப்பா எங்கே"ன்னு கேட்டதுக்குத் தூங்கறார்னு சொன்னேன். அடுத்த வாரமும் தூங்கறார்னு சொன்னா நம்ப மாட்டார். அவர் இறங்கறதுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. அதுவரைக்கும் என்னால பொய் சொல்லிக்கிட்டே இருக்க முடியாது.

இது உடம்புக்கு வர்ற தொந்தரவுதானே, மாமா. டாக்டர்கிட்டக் காட்டினா வழி இருக்கு. கோபத்தைப் பெரியம்மா வீட்டுலயே விட்டுட்டு வந்துடுங்க.

உங்க மருமகள்


ஜூன் 11

மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது.

நீ குஷனைத் திருப்பினதை நானும் பார்த்தேன். கதவுக்கிட்ட நின்னு திரும்பிப் பார்த்தேன். நீ திருப்பின வேகத்துல, அதுவரைக்கும் கவனிக்காத உன் முதலாளியும் கவனிச்சுட்டார். அவர் வீட்டம்மா காலைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கிட்டாங்க. அந்த அம்மா காலைத் தள்ளி வெச்சது உனக்குத் தெரிஞ்சிருக்காது. எனக்குத் தெரிஞ்சுது.

போகட்டும்.

நான் இங்கே சும்மா உட்கார்ந்து அக்கா கையால சாப்பிட்டுக்கிட்டு இல்லை. இந்த ஊர் டிரைவிங் ஸ்கூல்ல ஆள் பத்தலைன்னு சொன்னாங்க, போய்ச் சேர்ந்துட்டேன். முப்பத்திரண்டு வருஷம் ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தவனுக்கு வீட்டுல உட்கார்ந்தா கால் பிரேக்கைத் தேடுது. இப்ப மூணு பேர் கத்துக்கறாங்க. அதுல ஒரு அம்மா பேக்கரி வெச்சிருக்காங்க, ஐம்பத்து ரெண்டு வயசு. ரெண்டாவது கியருக்கு மேல போக மாட்டேன்னு சத்தியம் பண்ணின மாதிரி ஓட்டறாங்க. மூணாவது போடுங்கம்மான்னா, "அது எதுக்கு சார், ரெண்டே நல்லாத்தானே போகுது"ங்கறாங்க.

இந்த ஊர்த் தெருவெல்லாம் பத்து நாள்ல எனக்கு மனப்பாடம். எப்படின்னு நீயே ஊகிச்சுக்க. பெட்ரோல் பங்க் ரெண்டு, பஸ் நிலையம், ஒரு நூலகம். நூலகம் ஒரு மணிக்குப் பூட்டிடுவான். நான் போட்டுக் கொடுக்கற பாதை எல்லாம் இந்த நாலையும் தொட்டுக்கிட்டுத்தான் போகும். கத்துக்க வர்றவங்க, சார் டிராபிக் பார்த்துப் பாதை போடறார்னு நினைச்சுக்கறாங்க.

என் விஷயத்தை நானே சரி பண்ணிக்கிட்டு வருவேன். அதுவரைக்கும் வர மாட்டேன். பிள்ளைகிட்டச் சொல்லாதே. பாப்பாகிட்டத் தாத்தா ஊருக்குப் போயிருக்கார்னு மட்டும் சொல்லு.

மாமா


ஜூன் 16

மாமாவுக்கு,

முதலாளி வீட்டம்மா காலைத் தள்ளி வெச்சது நிஜமாவே எனக்குத் தெரியாது. அதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் அவங்க முகத்தைப் பார்க்கவே பிடிக்கலை.

நானே சரி பண்ணிக்கறேன்னு எழுதியிருக்கீங்க. எப்படின்னு எழுதலை. தண்ணி குடிக்காம இருந்து சரி பண்றதா இருந்தா வேண்டாம். வகுப்பு நாள்ல நீங்க காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம இருந்ததை நான் பார்த்திருக்கேன். சொன்னா கோபம் வரும்னு பாட்டிலை மட்டும் மேஜையில வைப்பேன். அது சாயங்காலம் அப்படியே திரும்பி வரும்.

எழுதுங்க. ஒரு வரியாவது.

உங்க மருமகள்


ஜூலை 2

மருமகளுக்கு,

நல்ல சேதி. விஷயம் சரியாயிடுச்சு.

நேத்து ஒரே ஓட்டமா மூணு மணி நேரம் வகுப்பு எடுத்தேன். ஒரு பங்க்கையும் எட்டிப் பார்க்கலை. நீயும் உன் பாக்கெட்டும் இல்லாமலேதான். எப்படின்னு கேட்காதே. ஆம்பளைங்க சமாசாரம்.

இப்ப ஒரு உதவி வேணும். என் வாசிக்கற கண்ணாடி பவர் பத்தலை. வகுப்புப் பதிவேட்டுல கையெழுத்துப் போடற கட்டமே தெரியலை, எழுத்தெல்லாம் தண்ணிக்குள்ள கிடக்கற மாதிரி அலையுது. நீதான் கடையில தினமும் பத்துப் பேருக்குக் கண் பார்க்கறியே, என் அளவு உன்கிட்ட இருக்கும். அதே பிரேம், கொஞ்சம் பவர் ஏத்தி ஒண்ணு அனுப்பி வை. இந்த ஊர்க் கடைக்குப் போனா அதையும் இதையும் கேட்பான்.

மத்தபடி சௌக்கியம். தொண்டை மட்டும் எப்பவும் காஞ்சு கிடக்கு. மேல் அண்ணத்துல நாக்கு ஒட்டிக்குது. பேக்கரி அம்மாகிட்ட நாள் பூரா கத்தினா வேற என்ன ஆகும். வாயில மிட்டாய் போட்டுக்கிட்டுச் சமாளிக்கறேன்.

கண்ணாடியைச் சீக்கிரம் அனுப்பு.

மாமா


ஜூலை 6

மாமாவுக்கு,

கண்ணாடி அனுப்பப் போறதில்லை. கோபப்படாம கடைசி வரைக்கும் படிங்க.

வாசிக்கற பவர் ஒரே மாசத்துல இப்படி ஏறாது. திடீர்னு ஏறினா, ஏத்தினது எதுன்னுதான் முதல்ல பார்க்கணும். அதைப் பார்க்காம கண்ணாடியை மாத்திக் கொடுக்கறவ நல்ல வேலைக்காரி இல்லை.

கண் மங்கல், வாய் வறட்சி, அந்தத் தொந்தரவு சட்டுனு அடங்கினது, மூணும் ஒரே நேரத்துல வந்திருக்கு. நீங்க ஏதோ மாத்திரை சாப்பிடறீங்க. சிறுநீர்ப் பையை அடக்கற மாத்திரை. இல்லைன்னு எழுதினா நான் நம்ப மாட்டேன்.

சாப்பிடறது தப்புன்னு நான் சொல்ல வரலை. எத்தனையோ பேர் சாப்பிட்டு நல்லா இருக்காங்க. ஆனா உங்க கண் வேற மாதிரி. ரெண்டு வருஷம் முன்னால கடைக்கு வந்தப்ப டார்ச்சைப் பக்கவாட்டுல பிடிச்சுப் பார்த்தேனே, ஞாபகம் இருக்கா? கண்ணுக்குள்ள தண்ணி வடியற இடம் உங்களுக்குக் குறுகலா இருக்கு, கண் டாக்டர்கிட்டக் காட்டணும்னு சொன்னேன். சீட்டு எழுதி பிரிஜ் கதவுல ஒட்டினேன். நீங்க போகலை. நானும் அப்புறம் கேட்கலை. அந்தச் சீட்டை எப்ப எடுத்தேன்னுகூட எனக்கு ஞாபகம் இல்லை. அந்தத் தப்பு என்னோடது.

சனிக்கிழமைதோறும் எங்க கடைக்கு வர்ற கண் டாக்டருக்குப் போன் போட்டுப் பேர் சொல்லாம கேட்டேன். குறுகலான கண்ணுல இந்த மாதிரி மாத்திரை அந்த வடிகாலையே அடைச்சுடலாமாம். அடைச்சா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறும். அவர் சொன்னதை அப்படியே எழுதறேன். மாத்திரை கொடுத்த டாக்டர்கிட்ட உடனே போய்க் கண் விஷயத்தைச் சொல்லணும். அவரைப் பார்க்கற வரைக்கும் அடுத்த மாத்திரை வேண்டாம். கண் வலிச்சாலோ, சிவந்தாலோ, விளக்கைச் சுத்தி வளையம் தெரிஞ்சாலோ, தலைவலியோட வாந்தி வந்தாலோ, படுத்துப் பார்க்கலாம்னு இருக்கக் கூடாது. நேரா ஆஸ்பத்திரி.

இந்தக் கடைசிப் பாராவை மட்டுமாவது ரெண்டு தடவை படிங்க, மாமா.

உங்க மருமகள்


ஜூலை 9

மருமகளுக்கு,

கண்ணாடி கேட்டா விசாரணைக் கமிஷன் அனுப்பியிருக்கே.

ஆமாம், மாத்திரைதான். திருடியா சாப்பிடறேன்? டாக்டரைப் பார்த்து, அவர் எழுதிக் கொடுத்து, கடையில வாங்கிச் சாப்பிடறேன். அவரும் கேட்டார், கண்ணுல ஏதாவது உண்டா, வேற மாத்திரை எடுக்கறீங்களான்னு. ஒண்ணும் இல்லைன்னேன். பின்னால பதினஞ்சு பேர் உட்கார்ந்திருக்காங்க, கதவு திறந்தே கிடக்கு, சொந்தக் கதையெல்லாமா சொல்லிக்கிட்டு இருப்பாங்க? நீ டார்ச் அடிச்சதை எல்லாம் நான் வியாதிக் கணக்குல சேர்க்கலை.

ஒரு நாளைக்கு ஒண்ணு, உடைக்காம விழுங்கணும்னு அட்டையில போட்டிருக்கு. காஞ்ச தொண்டையில அது இறங்காம நடுவுல உட்கார்ந்துக்குது. ஸ்பூனால நசுக்கிப் பால்ல கலந்து குடிச்சுடறேன். உள்ளே போறதுதானே முக்கியம்? நீளமான வகுப்பு இருந்தா மட்டும் இன்னொண்ணு. தூசிக்குத் தும்மல் வருதேன்னு மருந்துக் கடையில ஒரு மாத்திரை கொடுத்தான், அதையும் ஒரு வாரமா சாயங்காலத்துல போட்டுக்கறேன். நல்லாத்தான் இருக்கேன். கொஞ்சம் அசத்துது, அவ்வளவுதான். மலச்சிக்கல் இருக்கு, அது எனக்கு முன்னாடியும் உண்டு.

நிறுத்தச் சொல்றே. உனக்கென்ன, சுலபமா எழுதிட்டே. ஒரு இடத்துல போய் உட்காரறதுக்கு முன்னால கதவு எங்கே, அந்தக் கதவுக்குப் பின்னால இருக்கறது எங்கேன்னு மூணு வருஷமா கணக்குப் போட்டவன் நான். சினிமாவுல ஓர சீட்டு. கல்யாணத்துல கடைசி வரிசை. யாராவது கதை சொன்னா முடிவு வரைக்கும் கேட்டது கிடையாது. இப்ப ஒரு மாசமா மனுஷனா உட்கார்ந்திருக்கேன். இதை விடச் சொல்லாதே.

வளையம் தெரியுதான்னு கேட்டிருக்கே. சாயங்கால வகுப்புல எதிர் வண்டி விளக்கைச் சுத்தி வானவில் மாதிரி தெரியத்தான் செய்யுது. வலது புருவத்துக்கு மேல லேசா தலைவலி. கண்ணாடி இல்லாம கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தா வேற என்ன வரும்? நீ அனுப்பியிருந்தா வந்திருக்காது.

மாமா


ஜூலை 24

மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தை அக்கா வீட்டு முன்னறையில உட்கார்ந்து எழுதறேன். கோடு போட்ட நோட்டுதான், ஆனாலும் வரி ஏறி இறங்கியிருந்தா பொறுத்துக்க.

என் போன கடிதத்தைப் படிச்ச கையோட நீ பஸ் ஏறி வந்துட்டே. நீ வந்தப்ப நான் ஏற்கனவே கண்ணுல பஞ்சோட ஆஸ்பத்திரியில கிடக்கேன். "யார் மாமா உங்களைக் கொண்டு வந்தது"ன்னு ரெண்டு தடவை கேட்டே. அக்கா குறுக்கே பேசினா. அப்புறம் நர்ஸ் வந்தாங்க. அப்புறம் நீ பாப்பாவுக்காக ஓடினே. சொல்லவே முடியலை. இப்பச் சொல்றேன்.

அது வெள்ளிக்கிழமை. நீளமான வகுப்புங்கறதால மத்தியானம் ரெண்டு மாத்திரை. நாலு மணிக்குத் தும்மல் மாத்திரை. ஆறரைக்கு பேக்கரி அம்மா வண்டியை எடுத்தாங்க. பத்து நிமிஷம் போயிருப்போம். விளக்கெல்லாம் வளையம் வளையமா வந்துது. அப்புறம் வலது கண்ணுக்குள்ள யாரோ ஸ்க்ரூ போட்டு முறுக்கற மாதிரி ஒரு வலி. கதவைத் திறந்து வாந்தி எடுத்தேன். அந்த அம்மா வண்டியை ஓரம் கட்டினாங்க. முதல் தடவையா இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டினாங்க, அதைப் பாராட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

"வீட்டுக்குப் போயிடலாம்மா. படுத்தா சரியாயிடும்"னேன்.

சொன்ன உடனே உன் கடைசிப் பாரா ஞாபகம் வந்துது. படுத்துப் பார்க்கலாம்னு இருக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தியே. கடிதம் சட்டைப் பையிலதான் இருந்துது. கிழிச்சுப் போடணும்னு அஞ்சாறு நாளா வெச்சிருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். வண்டி விளக்கைப் போட்டு அந்த அம்மா உரக்கப் படிச்சாங்க. படிச்சு முடிச்சுட்டு என்னைப் பார்த்தாங்க.

"நேரா ஆஸ்பத்திரின்னு எழுதியிருக்கு சார்."

"வாடகை வண்டி ஏதாவது கூப்பிடுங்க."

"அது வர்றதுக்குள்ள நாம போயிடலாம்."

"மெயின் ரோடு உங்களால முடியாதும்மா."

"தினமும் கொதிக்கற அடுப்புக்குள்ள கையை விடறேன் சார். ரோடு என்ன என்னைக் கடிச்சுடுமா?"

எடுத்தாங்க பாரு! பெரிய வட்டச் சந்திப்பு ஒண்ணு, லாரி வரிசை ஒண்ணு, பாலம் ஒண்ணு. எல்லாத்தையும் ரெண்டாவது கியர்லேயே தாண்டினாங்க. இன்ஜின் கதறுது. எனக்கு வலி ஒரு பக்கம், இது ஒரு பக்கம். "மூணாவது போடுங்கம்மா"ன்னேன். "வாயை மூடிக்கிட்டு வாங்க சார்"னாங்க. முப்பத்திரண்டு வருஷத்துல எந்த மாணவரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. மூடிக்கிட்டேன். என் காலடியில இருக்கற பிரேக்கை ஒரு தடவைகூட மிதிக்கலை.

வாசல்ல இறங்கினதும் டியூட்டி டாக்டர் என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டார். வாய் பழக்கத்துல "ஒண்ணும் இல்லை"ன்னு சொல்ல வந்துடுச்சு. அந்த அம்மா உன் கடிதத்தை அவர் கையில கொடுத்துட்டாங்க. அதுக்கு மேல மறைக்க ஒண்ணும் இல்லை. நசுக்கினது, ரெண்டு போட்டது, தும்மல் மாத்திரை, எல்லாத்தையும் சொன்னேன். அது நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா கரைய வேண்டிய மாத்திரையாம். நசுக்கினதால ஒரு நாள் மருந்து ஒரே நேரத்துல உள்ளே போயிருக்கு. தும்மல் மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்யுமாம், ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தியிருக்கேன்.

இன்னொண்ணு உனக்குத் தெரியாது. அன்னைக்கு மத்தியானத்துலேர்ந்து நான் ஒரு சொட்டுகூடப் போகலை. குணமாயிட்டேன்னு பெருமையா இருந்தேன். டியூப் போட்டு எடுத்தப்ப முக்கால் லிட்டருக்கு மேல இருந்துது. குணமாகலை, பூட்டு விழுந்திருக்கு. வயிறு கல்லு மாதிரி இருந்ததைக்கூட மலச்சிக்கல்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

இப்ப நிலவரம். ரெண்டு கண்ணுலயும் லேசர் போட்டாச்சு. இடது தப்பிச்சுது. வலது கண்ணுல பார்வை மேல் மூலையில கொஞ்சம் போச்சு, அது திரும்பாதாம். இன்னும் நாலஞ்சு மணி நேரம் தாமதிச்சிருந்தா முழுசும் போயிருக்கும்னு கண் டாக்டர் சொன்னார். அந்த நாலஞ்சு மணி நேரம் உன் கடிதத்துலேர்ந்து வந்தது. இதை எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியலை. எழுதிட்டேன்.

பழைய டாக்டர்கிட்ட மறுபடி போனேன். இந்தத் தடவை எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு உட்கார்ந்தேன். எல்லாம் சொன்னேன். திட்டுவார்னு பார்த்தேன், திட்டலை. "இதை முதல்லயே சொல்லியிருந்தா அந்த மாத்திரையை நான் எழுதியே இருக்க மாட்டேனே"ன்னார். அதுக்குத் திட்டே பரவாயில்லை. இப்ப வேற ரகம் ஒண்ணு கொடுத்திருக்கார். அதுல பிரஷர் ஏறுதான்னு பார்த்துக்கணும். அதையும் முழுசாத்தான் விழுங்கணும். கூடவே ஒரு அட்டவணை: எப்பப் போனேன், எவ்வளவு குடிச்சேன், அவசரம் வந்தப்ப எத்தனை நிமிஷம் தாக்குப் பிடிச்சேன். ஓட்டக் கத்துக்கறவங்களுக்கு நான் போட்டுக் கொடுக்கற அட்டவணை மாதிரியே இருக்கு. நேத்து எட்டு நிமிஷம். இன்னைக்கு ஐஞ்சுதான். முன்னாடி அளவுக்கு அடங்கலை. அடங்காதுன்னும் சொல்லிட்டார்.

வகுப்புக்குப் போறதில்லை. கண் டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது.

கொஞ்சம் இரு.

வந்துட்டேன். பிள்ளைக்கு நானே எழுதறேன். நீ இனிமே பொய் சொல்ல வேண்டாம்.

மாமா


ஜூலை 30

மாமாவுக்கு,

உங்க கடிதத்தைப் படிச்சதுலேர்ந்து என்னால ஒரு இடத்துல உட்கார முடியலை. இதை நாலு தடவை ஆரம்பிச்சுக் கிழிச்சுட்டேன். மாமனாருக்கு ஒரு மருமகள் எழுதற விஷயம் இல்லை இது. ஆனா எழுத வேற ஆளும் இல்லை.

அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து பெரியம்மா வீட்டுக்குப் போய் உங்க துணியெல்லாம் எடுத்தேன். மேஜையில அந்த மாத்திரை அட்டை பாதி மிச்சம் இருந்துது. குப்பையில போட்டுடறேன்னு பெரியம்மாகிட்டச் சொன்னேன். போடலை. என் கைப்பையில வெச்சுக்கிட்டேன்.

எனக்கும் அதே தொந்தரவு இருக்கு மாமா. பாப்பா பிறந்ததுலேர்ந்து. நாலு வருஷம். அவருக்குத் தெரியாது. அவர் வீட்டுல இருக்கறதே வருஷத்துல ரெண்டு மாசம், அதுல இதைப் போய் எப்படிச் சொல்றது? கடையில கண் பார்க்கற அறை இருட்டா இருக்கும். வந்தவங்க முகவாயை மெஷின்ல வெக்கச் சொல்லி, "அசையாதீங்க, இமைக்காதீங்க"ன்னு சொல்லிட்டு நானே எழுந்து ஓடுவேன். வந்து பார்த்தா அவங்க அப்படியே அசையாம உட்கார்ந்திருப்பாங்க. முதலாளி போன மாசம் கேட்டார், "ஏம்மா, உனக்கு அடிக்கடி போன் வருதோ"ன்னு. ஆமாம்னு சொன்னேன்.

உங்களுக்கு அவ்வளவு எழுதினேனே, நான் என்ன பண்ணினேன் தெரியுமா? கண்ணாடியில டார்ச் பிடிச்சு என் கண்ணை நானே பார்த்துக்கிட்டேன். எனக்குக் குறுகல் இல்லை, அதனால பரவாயில்லைன்னு முடிவு கட்டினேன். திங்கட்கிழமை ஒண்ணு. செவ்வாய்க்கிழமை ஒண்ணு. நசுக்கலை, முழுசாத்தான் விழுங்கினேன், அதையே பெரிய புத்திசாலித்தனமா நினைச்சுக்கிட்டேன்.

செவ்வாய் மத்தியானம் நெஞ்சு படபடன்னு அடிச்சுது. வாய் பஞ்சா போச்சு. ஒருத்தருக்கு எழுத்துப் பலகை காட்டிக்கிட்டிருக்கேன், கீழ் வரி எனக்கே தெரியலை. அவர் சரியா படிக்கறாரா தப்பா படிக்கறாரான்னு புரியாம "சரி, சரி"ன்னு தலையாட்டினேன். அந்த மனுஷனுக்கு என்ன பவர் எழுதினேன்னே தெரியாது. மறுநாள் அவரைத் திருப்பிக் கூப்பிட்டு மறுபடி பார்த்தேன். தப்பாத்தான் எழுதியிருந்தேன். அவருக்குக் காரணம் சொல்லலை.

அதுக்கப்புறம் சாப்பிடலை. நாலஞ்சு நாளாச்சு, படபடப்பு இல்லை. ஆனா அட்டை இன்னும் பையிலதான் இருக்கு. தூக்கிப் போட மனசு வரலை. ஏன்னா அந்தத் திங்கட்கிழமை, அந்த ஒரு நாள், நான் ஒரு தடவைகூட எழுந்து ஓடலை மாமா. நீங்க மனுஷனா உட்கார்ந்திருக்கேன்னு எழுதினீங்களே. அன்னைக்கு எனக்கு அது என்னன்னு தெரிஞ்சுது.

இதைப் படிச்சுட்டுக் கிழிச்சுடுங்க.

உங்க மருமகள்


ஆகஸ்ட் 3

மருமகளுக்கு,

கிழிச்சாச்சு. சின்னச் சின்னதா.

முதல்ல கோபம் வந்துது. என் கண்ணுல பஞ்சை வெச்சுக்கிட்டு நான் கிடக்கறப்ப, அந்த மாத்திரையையே எடுத்துப் பையில போட்டிருக்கியே, உனக்கு அறிவிருக்கான்னு அரைப் பக்கம் எழுதினேன். எழுதினதும், இதைச் சொல்ல நான் யாருன்னு தோணிச்சு. அதையும் கிழிச்சுட்டேன்.

இப்பச் சொல்றதைக் கேளு. எனக்கு எழுதின மாத்திரை எனக்கு எழுதினது. உன் உடம்பைப் பத்தி அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது. இனிமே ஒண்ணுகூட வாயில போடாதே. குப்பையிலயும் போடாதே, பாப்பா கைக்கு எட்டும். உயரமா எங்கேயாவது வை. டாக்டர்கிட்டப் போகும்போது எடுத்துக்கிட்டுப் போய், ரெண்டு சாப்பிட்டேன், இப்படி இப்படி ஆச்சுன்னு காட்டு. அதுக்கு நடுவுல படபடப்பு மறுபடி வந்தாலோ, எனக்கு ஆன மாதிரி நீர் அடைச்சுக்கிட்டாலோ காத்திருக்காதே. வேற யாரும் இல்லைன்னா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு.

நம்ம ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில இதுக்குன்னே ஒரு டாக்டரம்மா இருக்காங்க. நேத்து அக்கா வீட்டு ஹால்லேர்ந்து போன் பண்ணி வியாழக்கிழமை பதினோரு மணிக்கு டோக்கன் போட்டேன். "என்ன தொந்தரவு"ன்னு கேட்டாங்க. அக்கா ஒரு அடி தூரத்துல உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருக்கா. சொன்னேன். "சிறுநீர் அடக்க முடியலை"ன்னு, கேட்கலைன்னு சொன்னாங்க, ரெண்டாவது தடவை இன்னும் சத்தமா சொன்னேன். யாருக்குன்னு அக்காவுக்குத் தெரியாது, எனக்குன்னுதான் நினைச்சா. போனை வெச்சதும் அவ கீரையைப் பார்த்துக்கிட்டே, "இந்த ஊர் டாக்டர்கிட்ட எனக்கும் ஒரு டோக்கன் போடுடா"ன்னா. எத்தனை வருஷமான்னு கேட்டேன். "உனக்கெதுக்கு அது"ன்னா. போட்டிருக்கேன், நாளைக்கு. கதவைச் சாத்திட்டு உட்காரணும்னு சொல்லி அனுப்பறேன்.

பிள்ளைகிட்ட நீ சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். நான் என் விஷயத்தை மட்டும்தான் எழுதியிருக்கேன்.

புதன்கிழமை காலையில பஸ் ஏறறேன். அஞ்சு மணி நேரப் பயணம். நடுவுல ரெண்டு இடத்துல நிக்குமாம். டிரைவர்கிட்டப் போய், எனக்காக மூணாவதா ஒரு இடத்துல நிறுத்த வேண்டியிருக்கும்னு முன்னாடியே சொல்லிடப் போறேன். முகத்தைச் சுளிச்சா சுளிக்கட்டும். அவனும் ஒரு காலத்துல யார்கிட்டயாவது வண்டி கத்துக்கிட்டவன்தானே.

வியாழக்கிழமை கடைக்கு லீவு சொல்லிடு. பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு நாம ரெண்டு பேரும் போகலாம். எப்பத் தொடங்கிச்சு, எத்தனை தடவை, என்னென்ன சாப்பிடறே, தலைவலி மாத்திரை வரைக்கும் ஒண்ணு விடாம ஒரு காகிதத்துல எழுதிக்க. உள்ளே போனா நாக்கு மாறிடும், எனக்குத் தெரியும். பேச வரலைன்னா காகிதத்தை நீட்டிடு.

நீ உள்ளே போ. நான் வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருப்பேன். நீ வெளியே வரும்போது நான் அங்கே இல்லைன்னா தேடாதே. நான் எங்கே போயிருப்பேன்னு உனக்குத் தெரியும். வந்துடுவேன்.

மாமா